இத்தாமாரின் கடைசிச் சொல்

கதிரவன் எழுந்தும் எழாதவன்போல் மங்கிக் கிடக்க, வட அமெரிக்காவின் கனெக்டிகட் ஆறு கரைமுதல் கரைவரை உறைந்து அசைவற்றுப் படுத்திருக்க, கூரைப்புகையும் மேலேறச் சோம்பித் தாழ்ந்து தவழ, ஆங்கிலேயர் குடியேறிய ஆஷ்மீட் என்னும் எல்லைச் சிற்றூர் ஓய்வுநாட் காலையில் முரசொலி கேட்டு விழித்தது. ஆலயமணி இல்லாத அவ்வூரார் முரசறைந்தே வழிபாட்டுக்குக் கூடுவர். ஆடவர் போர்வைக்குள் முகம் புதைத்து வர, பெண்டிர் தணல் நிரப்பிய சிறு தகரப் பெட்டிகளைக் கைப்பிடி பற்றித் தூக்கி வந்தனர். கடவுளின் கூடத்தில் அடுப்பெரித்துக் குளிர்காய்வது முறையன்று என்பது பெரியோர் கொள்கை. பாதத்தின் கீழ் தணற்பெட்டி வைத்துக்கொள்வது பெண்டிர் கொள்கை. இரண்டும் சண்டையின்றி ஒரே கூடத்தில் வாழ்ந்துவந்தன.

அக்கூட்டத்தில், எவராலும் விலக்கப்படாமலும் எவரோடும் ஒட்டாமலும் தனித்து நடந்தவர் ஊர்ப்படைத் தலைவர் யாபேஸ் தார்லி. தகுதி பார்த்து இருக்கை பிரிப்பது அவ்வூர் வழக்கம். முதல் இருக்கை படை நடத்தியோர்க்கு உரியது. முன்பு அதில் இடித்து நெருக்கி அமர்வார்கள். பிரெஞ்சுப் படையைத் தடுக்க வடக்கே சென்றவர்கள் ஏரிக்கரைக் காட்டில் பதுங்கியிருந்த பகைவர் கையில் மாண்டுபோக, மீண்டவர் தார்லி ஒருவரே. இரண்டு குளிர்காலமாக அந்நீண்ட பலகையில் ஒற்றை ஆளாய், ஊரார் கண்ணெல்லாம் முதுகில் தைக்க, அவர் அமர்ந்திருக்கிறார். தனிமை என்றால் அப்படியொரு தனிமை!

இன்று இடம் மாற்றிக் கேட்பது, மறுத்தால் பனி உருகியதும் வீட்டை விற்றுவிட்டு மேற்கே காட்டுக்குள் போய்விடுவது என்று உறுதிகொண்டு, வாயிலில் நின்ற மூப்பர் ஓபேத்தை அணுகினார்.

"ஓபேத்து, என்னைக் கதவோரமாத் தள்ளி விடுப்பா. அந்தப் பெஞ்சுல ஒத்தையா உக்கார முடியல."

"அட போங்க தளபதி! உங்களைப் போய்க் காத்தடிக்கிற இடத்துல உக்கார வெச்சா ஊரு என் மூஞ்சில துப்பாதா? இவ்ளோ பணிவு ஆகாதுங்க. போய் உங்க இடத்துல உக்காருங்க."

பணிவாம்! அம்மனிதர் நெஞ்சில் எரிந்தது எதுவென்று மூப்பருக்கு என்ன தெரியும்? இறப்பவன் அருகிருந்தவன் அவனுடைய கடைசிச் சொல்லை வீட்டாரிடம் கொண்டு சேர்க்கவேண்டும் என்பது அவர்களுடைய மரபு. அச்சொல்லில் இறைப்பற்று ஒளிர்ந்தால் உயிர் கரை சேர்ந்தது என்று வீடு ஆறுதல் கொள்ளும். மாண்டவர் வீடுதோறும் சென்று தாம் கேட்ட நல்லுரைகளைச் சொன்ன தார்லி, உயிர்த்தோழன் இத்தாமாரின் வீட்டுப் படியை மட்டும் மிதிக்கவில்லை. தோளில் சுமந்து ஓடி, தம் மடியிலேயே பறிகொடுத்த தோழன்! அவன் சொன்னதில் கடவுளும் இல்லை, பற்றும் இல்லை. பொய்சொல்ல நா எழவில்லை. மெய்சொல்ல முகம் இல்லை. அவன் மனைவி தாமரி எதிரே வந்தால் வேலி தாண்டி வயலில் இறங்கிவிடுவார்.

போதகர் அடியெடுத்துக் கொடுக்க, ஊரார் ஆளுக்கொரு பண்ணில் திருப்பாடலை இழுத்துக்கொண்டிருந்த வேளையில், பெண்டிர் பக்கமிருந்து எழுந்தாள் தாமரி. தணற்பெட்டியோடு நடுவழியைக் கடந்து முதல் இருக்கையில், தார்லியின் இடப்பக்கம் அமர்ந்தாள். பாட்டு பாதியில் தடுமாறிற்று. ஓபேத் ஓடிவந்தார்.

"தாமரி, இது ஆம்பளைங்க பக்கம்மா! எந்திரி, எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும். இது எங்க வீட்டுக்காரர் இடம். நான் எந்திரிக்கணும்னா அவரை வந்து சொல்லச் சொல்லுங்க."

மூப்பர் தம் இடத்துக்குத் திரும்ப, பாட்டு மீண்டும் எழுந்தது. அதன் மறைவில் அவள் தாழ்ந்த குரலில் கேட்டாள்:

"எல்லார் வீட்டுக்கும் போனீங்களே தளபதி, எங்க வீட்டை மட்டும் ஏன் விட்டீங்க? அப்படி என்னதான் சொன்னாரு? கடவுளைத் திட்டினாரா? என்னையா? ரெண்டு வருஷமா இதை நெனச்சே நான் தூங்கல."

தார்லிக்கு உள்ளம் அறுந்தது. தம் வெட்கம் ஒன்றையே எண்ணியிருந்தவர், அவளுடைய அச்சத்தை ஒருநாளும் எண்ணிப்பார்த்தாரில்லை.

"ஐயோ, திட்டலம்மா. 'கால் குளிருது, கிட்ட வா'ன்னான். அவ்ளோதான். நான் கிட்டத்தான் இருந்தேன். இன்னும் இறுக்கிப் பிடிச்சேன். மறுபடியும் அதையேதான் சொன்னான். இதை எப்படி உன்கிட்ட வந்து சொல்றது?"

தாமரி வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அறியக்கூடவில்லை.

"அது உங்ககிட்டச் சொன்னது இல்ல தளபதி. கல்யாணமான நாள்லேருந்து தினம் ராத்திரி என்கிட்டச் சொல்றது. கோடையிலயும் அந்த மனுசனுக்குக் கால் குளிரும்."

அவள் முகம் தெளிந்தது. தார்லியோ, தம்மை நோக்கி நீண்டதென்று இத்தனை நாள் சுமந்த சொல்லும் தமதன்று என்று உணர்ந்து, முன்னிலும் தனியராய்த் தலைகுனிந்தார். அதைக் கண்டாள் போலும். தணற்பெட்டியைக் காலால் மெல்ல நகர்த்தி அவர் பாதத்தின் கீழ் வைத்தாள்.

பனி உருகியது, அவர் மேற்கே போகவில்லை. மறு இளவேனிலில் இருவரும் மணந்தனர். மக்களும் பேரரும் பெருகினர். தாமரியே முந்திக்கொண்டு கண்மூடினாள். நெடுங்காலம் கழித்துப் படுக்கையில் கிடந்த முதியவரின் கடைசிச் சொல்லைக் கேட்க வழிவந்தோர் அனைவரும் குனிந்து செவிகொடுத்தனர்.

"கால் குளிருது, கிட்ட வா."

நெருங்கி நின்ற பிள்ளைகள் இன்னும் நெருங்கினர். அவர் மறுபடியும் அதையே சொன்னார். எவருக்கும் விளங்கவில்லை. இப்பெரும் படைத்தலைவருக்கு இது தகுமா என்று கூடிப் பேசி, கல்லறைக் கல்லில் திருநூலிலிருந்து வேறொரு வரியைப் பொறித்துவைத்தனர்.