ரெண்டில் ஒன்று

முதல் சொம்புத் தண்ணீரை அத்தாவின் தோளில் ஊற்றப்போன முனாபின் கை பின்வாங்கியது. முந்தாநாள் வரை டம்ளரைக் கண்டாலே அலறியவர். இப்போது தண்ணீர் மார்பில் வழிந்து பலகையின் இடுக்கில் இறங்கியது. அவர் பேசாமல் கிடந்தார்.

குளிப்பாட்ட மூன்று பேர்தான்: முனாப், சித்தப்பா காசிம், பள்ளிவாசல் அஜரத். வெறிநாய்க்கடியில் செத்த மையத்து என்று மற்றவர்கள் வேலிக்கு வெளியே நின்றுகொண்டார்கள்.

"பதினாலு ஊசியும் போட்டாச்சுதானே? அப்புறம் எப்படி?" என்றார் அஜரத்.

"எட்டோட நிறுத்திட்டாருங்க. நோன்பு வந்துருச்சு" என்றார் காசிம்.

"நோன்புக்கும் ஊசிக்கும் என்னய்யா? போன வருசம் நானே நோன்போட காய்ச்சலுக்கு ஊசி போட்டுக்கிட்டேன். அப்படியே முறிஞ்சாத்தான் என்ன, நோயாளி பின்னால புடிச்சுக்கலாம்னு இருக்கே. யாரு இவருக்கு முறிஞ்சுரும்னு சொன்னது?"

"எவனோ அறிவுகெட்டவன். நம்மூர்ல அதுக்கா பஞ்சம்? ஊத்துடா முனாப்பு."

முனாப் ஊற்றினான்.

அத்தா சர்தார் ஆட்டு வியாபாரி. மே மாதம் பென்னாகரம் சந்தையில்தான் நாய் கடித்தது. எட்டாவது ஊசியன்று பிறை தெரிந்தது. அவர் ஊசியை மறுக்கவில்லை. "நோன்பு வெச்சுக்கிட்டு ஊசிக்குப் போலாமாடா?" என்று மகனைத்தான் கேட்டார். மகன் பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்துகிறவன். அறிவியல் மன்றக் கூட்டங்களில் பேசுகிறவன்.

"அதெப்படி? உங்க மார்க்கம் ஒத்துக்காது. ஊசியா நோன்பா, ரெண்டுல ஒன்னு சொல்லுங்க."

மார்க்கத்தில் என்ன இருக்கிறதென்று அவனுக்குத் தெரியாது. அத்தா ஊசியைத்தான் சொல்வார், அவர் மார்க்கத்தை இன்றோடு ஜெயித்துவிடலாம் என்று நினைத்தான்.

அத்தா ஊசி குத்திய வயிற்றைத் தடவிக்கொண்டார். "படிச்சவன் சொல்ற. அப்ப நோன்பு."

மறுநாள் கெஞ்சினான். "நீதானேடா சொன்ன?" என்றார். அஜரத்திடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஓர் ஊசிக்காகப் பள்ளிவாசல் படியேறுவது அவனுக்குக் கௌரவக் குறைவாக இருந்தது.

அடக்கம் முடிந்த மாலையில், கூட வேலை பார்க்கும் தீர்த்தகிரி வந்தார். மன்றச் செயலாளர். வாசல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"தப்பா நெனைக்காதீங்க சார். ஞாயித்துக்கெழம கூட்டத்துல இதைச் சொல்லியே ஆவணும். மதம் ஒரு மனுசனை எப்படிக் கொல்லுதுன்னு. ஊசி கூடாதுன்னு அவருக்குச் சொன்னது யாருங்க?"

முனாப் வாயைத் திறந்தான். கதவுக்குப் பின்னாலிருந்து அம்மா ஜான் பீயின் குரல் முந்திக்கொண்டது. பிறை தெரிந்த அன்று அவள் அடுப்படியில்தான் இருந்தாள்; எல்லாம் கேட்டிருந்தாள்.

"சந்தையில எவனோ சொன்னானாமுங்க சார். பேரு தெரியாது."

தீர்த்தகிரி பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டார். "சந்தையில. சரிதானுங்களே சார்?"

முனாப் தலையசைத்தான்.

உள்ளே அம்மா தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது.