கரும்புக் கொல்லை வழியே வந்த கப்பல்

"ஞாயித்துக்கிழமை பொழுது சாயறதுக்குள்ள எலவனாசூர்கோட்டைக்குக் கப்பல் வந்து நிக்கும்!"

அரங்கநாதன் டீக்கடையில் இப்படி அறிவித்தபோது, ஊருக்கும் கடலுக்கும் நடுவே ஐம்பது மைலாவது இருக்கும். போதாக்குறைக்கு அது எண்பத்தேழு செப்டம்பர். இடஒதுக்கீடு கேட்டு மறியல். சாலை நெடுகப் புளியமரங்கள் வெட்டுண்டு கிடந்தன. எறும்புகூட அனுமதி கேட்டுத்தான் குறுக்கே போனது.

"ரீல் வுடாத மாமா," என்றார் விழாக் குழுத் தலைவர் காசிநாதன். அரங்கநாதனின் மனைவிக்குத் தம்பி. "கப்பல் வரலன்னா நாடகம் கெடையாது. பஜனை வச்சிடுவேன்."

அரங்கநாதன் டீ கிளாசைக் கீழே வைத்தார். சங்குத்துறை என்ற துறைமுகம் வாழ்ந்து கெட்ட கதையைப் பதினோரு வருஷம் உட்கார்ந்து நாடகமாக எழுதியிருந்தார். அத்தனையும் ஜால்ரா சத்தத்தில் போய்விடும். நாடகக் கப்பலோ உளுந்தூர்பேட்டையில், மூங்கிலும் சாக்குத் துணியுமாக, ஆசாரி வீட்டு வாசலில் நின்றது.

சனிக்கிழமை நடந்தே போய், கப்பலை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு திரும்பினார். முதல் மரத்திலேயே, மறியலுக்குக் காவல் நின்ற இளமாறனும் அவன் ஆட்களும் மறித்தார்கள்.

"இன்னா பெரியவரே இது?"

"கப்பல்."

"அது தெரியுது. எங்க போவுது?"

விழுந்த மரத்தின்மேல் ஏறி நின்று, ஒற்றை ஆளாக முழு நாடகத்தையும் சொன்னார் அரங்கநாதன். கல்வராயன் மலைத் தேனும் கடுக்காயும் பொதிமாட்டில் இறங்கி, சங்குத்துறையில் கப்பலேறிச் சீனம் போன காலம். அவ்வூர்க் காக்கை ஏலக்காய் தவிர எதையும் தொடாது. நாய்க்குப் பட்டு மெத்தை. ஆனால் துறைமுகச் சபையில், மூட்டை சுமந்தவனுக்கு மட்டும் உட்கார ஒரு பலகை இல்லை. கேட்டுக் கேட்டு அலுத்தவர்கள் ஒருநாள் மலைப்பாதையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். சரக்கில்லாமல் திரும்பிய கப்பல்கள் அப்புறம் வரவேயில்லை. துறையை மணல் மூடியது.

இளமாறன் மூக்கை உறிஞ்சினான். "ஒக்கார ஒரு எடம் குடுத்திருந்தா அந்த ஊரு பொழச்சிருக்குமே பெரியவரே!"

"அதத்தாம்பா நாடகத்துல சொல்றேன். போவ வுடு."

"வண்டி போவக் கூடாது. மறியல்னா மறியல்தான்." கொஞ்சம் யோசித்தான். "தோள்ல போனா எவன் கேப்பான்? தூக்குங்கடா!"

இருபது பேர் தூக்கினார்கள். அரங்கநாதன் கணக்கில் இருநூறு. மரம் கிடந்த இடத்திலெல்லாம் கரும்புக் கொல்லைக்குள் இறங்கி ஏறினார்கள். ஒவ்வொரு மரத்துக்குப் பக்கத்திலும் காவலுக்கு வேறு ஆட்கள், வேறு தோள்கள். ஒவ்வொருவருக்கும் சங்குத்துறையை முதலிலிருந்து கட்டி, முதலிலிருந்து கெடுக்க வேண்டியிருந்தது.

ஞாயிறு பொழுது சாயும் நேரம். கோயில் வாசலில் காசிநாதன் பஜனைக்கு மைக்கைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கிழக்கே, கரும்புத் தோகைக்கு மேலே, ஒரு பாய்மரம் ஆடி ஆடி வந்தது. ஊரே எழுந்து ஓடியது.

வந்து சேர்ந்த அரங்கநாதனுக்குத் தொண்டை கட்டி ஒரு சொல் எழும்பவில்லை. வாழ்நாளில் முதல்முறையாக அவர் பெருமையை அவரே சொல்ல முடியாத நிலை. மச்சானையும் மைக்கையும் மாறி மாறி விரலால் காட்டினார்.

காசிநாதன் மைக்கை வாயருகே இழுத்தார். ஒலிபெருக்கி கரகரத்தது.

"எல்லாருக்கும் சொல்லிக்கிறதுங்க... இன்னிக்கி பஜனை கெடையாதுங்க. நாடகம்தான். நம்ம ஊருக்குக் கப்பல் வந்துட்டுது. மெய்தாங்க, நானே பாத்துக்கினு நிக்கிறேன்."