நரேஷ் காரின் ரெக்கை

கோவிந்தப்பாவுக்கு மகன் நரேஷ் கார் வாங்கினதில் வருத்தமே கிடையாது. அதன் முதுகில் ரெக்கை வாங்கி மாட்டினதில்தான் வயிறு எரிந்தது. காரே பழைய கார். அதைக் கார் சாமான் கடைகள் இருக்கிற ஜே.சி. ரோட்டுக்கு ஓட்டிக்கொண்டு போய், டிக்கி மேலே துணி காயப்போடுகிற மாதிரி கறுப்பாக ஒன்றை நிற்கவைத்துக்கொண்டு வந்தான்.

"இது எதுக்குடா?"

"ஸ்பீடா போறப்ப காத்து வண்டியைத் தூக்காம கீழ அமுக்கும்ப்பா."

"ஈஜிபுரா சிக்னல்ல எந்தக் காத்துடா உன்னைத் தூக்குது? கடைக்காரன் உன் தலையைத்தான் அமுக்கி இருக்கான்."

மருமகள் ரூபினி சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள்.

பேச்சு அத்தோடு போயிருக்கும். அதற்குள் மகள் வீணாவுக்குக் காக்ஸ் டவுனில் வரன் அமைந்தது. மாப்பிள்ளையின் அப்பா நாணு லேசுப்பட்ட ஆள் இல்லை. பெண் பார்க்க வந்தபோது காபி குடித்த டம்ளரைத் திருப்பி, அடியில் யார் பேர் வெட்டியிருக்கிறது என்று பார்த்தவர். அந்தக் குணத்துக்காகவே கோவிந்தப்பாவுக்கு அவரைப் பிடித்துப்போனது. "ஷோக்குப் பண்ற குடும்பம்னா எங்களுக்கு ஒத்துவராது சம்பந்தி" என்று நாணு சொல்ல, "எங்க வீட்ல அந்தப் பேச்சே இல்லீங்க" என்று இவரும் அடித்துச் சொல்லிவிட்டார். வீணாவுக்கும் பையனை ரொம்பப் பிடித்திருந்தது.

இப்போது நிச்சயதார்த்தத்துக்கு மாப்பிள்ளை வீட்டு வாசலில் ரெக்கை வைத்த காரில் போய் இறங்கினால்?

அன்றைக்குக் காலையில் வீட்டில் எல்லோரும் தலை சீவிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, பக்கத்து வீட்டு ரவியிடம் ஸ்பேனர் இரவல் வாங்கி, ரெக்கையைக் கழற்றியே விட்டார். கழற்றின பிறகுதான் பார்த்தார்: டிக்கி மூடியில் நாலு ஓட்டை. யோசித்தார். சாமி மாடத்திலிருந்து சந்தனத்தைக் குழைத்து நாலையும் அப்பி, மேலே குங்குமம் வைத்தார். ஆயுத பூஜை வண்டி மாதிரி லட்சணமாக இருந்தது. ரெக்கையை வாசலில் வைக்க மனசு வரவில்லை. சாயங்காலத்துக்குள் அது வேறொருவன் காரில் ஏறி உட்கார்ந்திருக்கும். சாக்கில் சுற்றி, போல்ட்டுகளையும் ஸ்பேனரையும் உள்ளே போட்டு, பின் சீட்டுக் காலடியில் தள்ளினார்.

நரேஷ் பார்த்துவிட்டுக் கத்தினான். "இன்னிக்கு மட்டும் விடுண்ணா, ராகுகாலம் வந்துடும்" என்று வீணா கெஞ்சவும், சீர்த் தட்டுகளை டிக்கியில் அடுக்கிவிட்டுக் கிளம்பினார்கள்.

கொஞ்ச தூரம்கூடப் போகவில்லை, மழை பிடித்துக்கொண்டது. பெங்களூர் மழை, வாளியோடு கவிழ்க்கிற மழை.

நரேஷ் மெதுவாகக் கேட்டான். "அப்பா, அந்த ஓட்டையை எதால அடைச்ச?"

"சந்தனம்."

வண்டி தொம்மலூர் மேம்பாலத்துக்கு அடியில் போய்த்தான் நின்றது. டிக்கியைத் திறந்தார்கள். பழத்தட்டு முழுக்கச் சிவப்புத் தண்ணீர். மூடியின் உட்பக்கத்தில் ஒரு சிவப்புச் சொட்டு திரண்டு தொங்கியது, நேர் கீழே மாப்பிள்ளையின் பட்டு வேட்டி. ரூபினி சட்டென்று தட்டை இழுத்துக்கொண்டாள். சொட்டு டிக்கி விரிப்பில் விழுந்தது. வீணா கண்ணில் தண்ணீர் நின்றது.

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க கோவிந்தப்பாவால் முடியவில்லை. சாக்கை உருவினார்.

மழைக்கு ஒதுங்கி நின்ற ஸ்கூட்டர்காரன் ஒருவன், "என்ன பெரியவரே, டேக் ஆஃப்பா?" என்றான்.

"பேச்சு அப்புறம். அந்தக் கோடியைப் பிடிப்பா."

வெள்ளைச் சட்டையில் கறுப்பு அழுக்கைப் பூசிக்கொண்டு, நாலு போல்ட்டையும் அவரே முறுக்கினார். பழத்தைக் கழுவி, டிக்கியைத் துடைத்து, தட்டுகளைத் திரும்ப அடுக்கினார்கள். காக்ஸ் டவுன் போய்ச் சேருகிறவரை மழை விடவில்லை.

நாணு குடையோடு வாசலிலேயே நின்றிருந்தார். "வாங்க" என்று சொல்வதற்கு முன்னால் காரை ஒரு சுற்றுச் சுற்றினார். பின்னால் போய் நின்றார். ரெக்கையைத் தட்டினார்.

"சம்பந்தி, இது எதுக்கு?"

வீணா முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். "ஸ்பீடா போறப்ப..." என்று நரேஷ் ஆரம்பித்தான். கோவிந்தப்பா அவன் காலை மிதித்தார்.

"மழைத் தண்ணி டிக்கிக்குள்ள இறங்காம இருக்கறதுக்குங்க."

நாணு நம்புகிற ஆளா? டிக்கியைத் திறக்கச் சொன்னார். பட்டு வேட்டித் தட்டை நகர்த்தினார். மூடியின் உட்பக்கம் விரலால் தடவி, விரலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஒரு சொட்டு இல்லியே! அப்ப சரி. நான் ஷோக்குக்குன்னு நெனச்சுட்டேன். உள்ள வாங்க, உள்ள வாங்க."

தட்டு மாற்றியாயிற்று. சாப்பாட்டுப் பந்தியில் நாணு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "எங்க பையன் காருக்கும் ஒண்ணு வாங்கிடலாம்னு இருக்கேன். கடை எங்க சம்பந்தி?"

கோவிந்தப்பா ரசத்தை உறிஞ்சி முடித்தார். இனி மறைக்க என்ன இருக்கிறது.

"வேணாங்க. அதை மாட்ட மொதல்ல வண்டியில ஓட்டை போடணும்."