நாற்பத்தெட்டு இலக்கம்

யாரும் கேட்காத உதவியைத்தான் திருப்புளி செய்யப் போனான்.

அந்தப் பெயர் அண்ணன் வைத்தது. ரேடியோ, இஸ்திரிப்பெட்டி, பக்கத்து வீட்டு மின்விசிறி என்று சின்ன வயதில் ஒன்றையும் விட்டுவைக்காமல் கழற்றிப் போட்டவன் அவன். இப்போது கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தான். பலகையில் வேறு பெயர் எழுதியிருந்தாலும் எல்லோருக்கும் அது திருப்புளி கடைதான்.

அண்ணன் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவர். அவர் "கிளட்ச், கிளட்ச்" என்று கத்தினால் பக்கத்தில் போகிற வண்டிக்காரனும் பயந்துபோய் கிளட்சை மிதிப்பான் என்று தெருவே கேலி செய்யும். அந்தத் தொண்டையில்தான் கட்டி வந்தது. குரல்வளையை எடுத்துவிட வேண்டும் என்றார்கள். பேச்சுப் பயிற்சி தரும் அம்மா மட்டும் ஒரு வழி சொன்னார். அறுவைச் சிகிச்சைக்கு முன்னால் நிறைய வாக்கியங்களைப் பேசிப் பதிவு செய்து வைத்தால், பிற்பாடு அண்ணன் தட்டி எழுதுவதையெல்லாம் அவர் குரலிலேயே பேசுகிற மாதிரி ஒரு செயலியைத் தயார் செய்துவிடலாம்.

தினமும் சாயங்காலம் ஜன்னலைச் சாத்திவிட்டு அண்ணனும் அண்ணியும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார்கள். "தண்ணி வேணும்." "வலிக்குது." "லைட்டை அணை." கொடுத்த வாக்கியங்கள் தீர்ந்ததும் அண்ணன் தானாகவே சேர்த்துக்கொண்டார். "கிளட்சை மெதுவா விடு, இது ஒண்ணும் உங்க மாமனார் வண்டி இல்ல." "டேய் திருப்புளி, சாப்பிட்டியா?" அண்ணி நடுவில் சிரித்துவிட்டதால் சிலவற்றை இரண்டு தடவை எடுக்க வேண்டியிருந்தது.

அறுவைச் சிகிச்சை முடிந்தது. அண்ணன் கழுத்தில் ஒரு துளையோடும், அதை மூடிய வெள்ளைத் துணியோடும், கையில் ஒரு சிலேட்டோடும் வீடு வந்து சேர்ந்தார். பேச்சுப் பயிற்சி அம்மா திங்கட்கிழமை வந்து பதிவுகளை வாங்கிக்கொள்வதாக ஏற்பாடு. அதனால் அண்ணி கொழுந்தனிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அவங்க வர்றதுக்கு முன்னாடி ஒரு காப்பி எடுத்து வச்சிடுங்க தம்பி. எல்லாம் இந்த ஒரு பெட்டியிலதான் கெடக்கு. எனக்கு என்னமோ பக்குபக்குன்னு இருக்கு."

"ஞாயித்துக்கெழமை வந்து எடுத்துடறேன் அண்ணி. நீங்க நிம்மதியா இருங்க."

ஞாயிற்றுக்கிழமை அவன் வெறுங்கையோடு வரவில்லை. கம்ப்யூட்டருக்கு மூளை மாதிரியான பிராசஸர், அதில் புதிதாக ஒன்று கொண்டுவந்தான். பேசுகிற செயலி பழைய பிராசஸரில் நத்தையாக ஊரும், அண்ணன் ஒரு வார்த்தை எழுதிவிட்டுக் காத்துக்கிடக்க வேண்டியிருக்கும் என்று அவனே நினைத்துக்கொண்டான். முதலில் இதை மாற்றிவிட்டால் காப்பியும் சுருக்க முடிந்துவிடும் என்பது அவன் போட்ட கணக்கு.

கழற்றினான், துடைத்தான், பொருத்தினான், பொத்தானை அழுத்தினான். கறுப்புத் திரையில் ஆங்கிலத்தில் நாலைந்து வரி வந்தது. பிராசஸர் மாற்றும்போதெல்லாம் வருகிற வரிகள். ஏதோ கேட்டு, சரியென்றால் 'ஒய்', வேண்டாமென்றால் 'என்' அழுத்தச் சொல்லும். கடையில் எத்தனையோ பெட்டிகளுக்கு அவன் ஒய் அழுத்தியிருக்கிறான். ஒருநாளும் அந்த வரிகளைப் படித்ததில்லை. இன்றைக்கும் அழுத்தினான்.

அடுத்து வந்த நீலத் திரையை அவன் எதிர்பார்க்கவில்லை. எட்டுக் கட்டங்களில் ஆறு ஆறாக, நாற்பத்தெட்டு இலக்க மீட்பு எண்ணைக் கொடு என்றது அது.

பழைய பிராசஸரைத் திரும்ப மாட்டினான். நீலம். வயர்களைப் பிடுங்கிச் செருகினான். நீலம். கெட்டுப்போன டிஸ்குகளிலிருந்து விவரங்களை மீட்டுத் தருகிற நண்பன் ஒருவன் இருந்தான். டிஸ்க் டாக்டர் என்று பேர். வாசல் பக்கம் போய் அவனைப் போனில் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னான்.

"ஒய் அமுக்கினியா?" என்றான் டாக்டர்.

"எப்பவும் அதான அமுக்குவேன்."

"படிச்சியாடா அதை?"

திருப்புளி கதவு வழியே நீலத் திரையை எட்டிப் பார்த்தான்.

"அந்தப் பெட்டி டிஸ்க்ல எழுதறது எல்லாத்தையும் பூட்டித்தான் எழுதும். சாவி டிஸ்க்ல இருக்காது. பிராசஸரும் போர்டும் சேர்ந்து தனியா ஒரு எடத்துல ஒளிச்சு வச்சிருக்கும். திருடன் டிஸ்க்கை மட்டும் கழட்டிக்கிட்டுப் போனா அவனுக்குக் குப்பைதான். புது பிராசஸரைப் பாத்ததும் அது உங்கிட்ட என்ன கேட்டுச்சு தெரியுமா? பழைய சாவியை அழிச்சிடட்டுமான்னு கேட்டுச்சு."

"நாங்க யாரும் பூட்டச் சொல்லலியே."

"நீ சொல்ல வேணாம். புதுப் பெட்டியில மின்னஞ்சல் குடுத்துக் கணக்கு தொடங்கினதும் அதுவே பூட்டிக்கும். அந்தக் கணக்குலதான் மீட்பு எண்ணும் இருக்கும். கணக்கு யாரு தொடங்கினது?"

அண்ணனுக்கு இந்தப் பெட்டியைத் தயார் செய்து கொடுத்தபோது அவன்தான் தொடங்கினான். வாடிக்கையாளர்களுக்குச் செய்வதைப்போலவே, கை போன போக்கில் எழுத்துகளைத் தட்டி ஒரு மின்னஞ்சல் முகவரியை உண்டாக்கி, வேலையை முடித்து, அன்றைக்கே மறந்தும் போனான்.

"டிஸ்க்கை உங்கிட்ட கொண்டாரட்டுமா?"

"கொண்டாந்து? உடைஞ்ச டிஸ்க்கைக் குடு, நெருப்புல வெந்ததைக் குடு, தண்ணில கெடந்ததைக் குடு, ஏதோ பொறுக்கி எடுத்துத் தர்றேன். இது கல்லு மாதிரி நல்லா இருக்குடா. அதான் ஒண்ணும் பண்ண முடியல." பிறகு, "அதுல என்ன இருக்கு?" என்று கேட்டான்.

திருப்புளி போனை வைத்துவிட்டான்.

உள்ளே வந்தபோது அண்ணி நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டிருந்தாள். "அவரும் கேக்கணுமாம் தம்பி. ஒரே ஒரு வாக்கியம் போட்டுக் காட்டுங்க. காலைலேர்ந்து இதே தொணதொணப்பு. பேச்சு போனாலும் தொணதொணப்பு போகல."

அண்ணன் சிலேட்டை உயர்த்திக் காட்டினார். மாமனார் வண்டி என்று எழுதியிருந்தது. அதைத்தான் முதலில் போட வேண்டுமாம்.

நாளைக்குச் சொல்லலாமா, கடைக்கு எடுத்துப்போகிறேன் என்று இப்போதைக்குச் சமாளிக்கலாமா என்று திருப்புளி நினைத்தான். ஆனால் அண்ணன் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கற்றுக்கொள்ள வருகிறவன் தப்பான கியரைப் போடப்போகிறான் என்பதை அவன் கை அசைவதற்கு முன்பே தெரிந்துகொள்கிறவர் அவர்.

"அண்ணே, பூட்டிக்கிச்சு. நான்தான் பண்ணேன். தொறக்க முடியாது."

அண்ணி சிரித்தபடியே, "வெளையாடாதீங்க தம்பி" என்றாள். பிறகு சிரிப்பு நின்றது. "வேற யாருகிட்டயாவது காட்டினா?"

"யாராலயும் முடியாது அண்ணி."

"அழிஞ்சிடுச்சா?"

"அழியல. எல்லாம் உள்ளதான் இருக்கு."

"உள்ள இருக்குன்னா எடுக்கலாமில்ல?"

"அது கேக்கற நாப்பத்தெட்டு இலக்க எண் இருந்தாத்தான் அண்ணி. அது நம்மகிட்ட இல்ல."

அண்ணன் எழுந்தார். அவர் வாய் அசைந்தது. முதலில் வந்தது "டேய்" என்று உதட்டைப் பார்த்தே தெரிந்தது. அதன்பிறகு வேகமாக, நீளமாக என்னவோ சொன்னார். கழுத்துத் துணி படபடவென்று அடித்துக்கொண்டது. காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது. திட்டுகிறாரா, பரவாயில்லை விடு என்கிறாரா என்று திருப்புளிக்குப் பிடிபடவில்லை.

"என்னண்ணே சொல்றீங்க?" என்று சிலேட்டை எடுத்து நீட்டினான். அண்ணன் அதை வாங்கவில்லை.

அவர் திரையின் முன்னால் உட்கார்ந்தார். முதல் கட்டத்தில் ஆறு இலக்கம் அடித்தார், ஏதோ பழைய பயிற்சி வண்டியின் எண்ணாக இருக்கலாம். தவறு என்றது திரை. கல்யாணத் தேதியை அடித்தார். தவறு. ஆறு இலக்கம் சரியாக விழுந்தாலும் இன்னும் ஏழு கட்டங்கள் இருக்கின்றன என்பதைச் சொல்ல திருப்புளி வாயைத் திறந்து, மூடிக்கொண்டான். அண்ணி ஒரு முக்காலியை இழுத்துக் கணவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"வீட்டு போன் நம்பரைப் போட்டுப் பாருங்க," என்றாள். அவர் போட்டார். "நான் பொறந்த தேதி?" அதையும் போட்டார்.

கொஞ்ச நேரத்தில் இருவருக்கும் எண்கள் தீர்ந்துபோயின. அண்ணன் விரல்களை விசைகள்மேல் வைத்தபடி காத்திருந்தார். அண்ணி திரும்பிப் பார்த்தாள்.

"தம்பி, நீங்க பொறந்த தேதி என்ன?"

திருப்புளி ஒவ்வொரு இலக்கமாகச் சொன்னான்.