பத்தாவது ஃபைல்

குமாரபாளையத்தில் சேலை டிசைன் போடும் சாப்ட்வேர் விற்கிறது எங்கள் கம்பெனி. முதலாளி சரவணக்குமார். அதைத் தறிப்பட்டறைகளுக்கு நேரில் போய்க் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுப்பது ஏழு வருடமாக என் வேலை. அந்த சாப்ட்வேர் தனியாக ஓடாது. படத்தைத் திறக்க ஒன்று, நிறம் பிரிக்க ஒன்று, தறிக்கு அனுப்ப ஒன்று என்று பிறர் எழுதி வைத்த லைப்ரரி ஃபைல்கள் பத்து அதற்கு வேண்டும். ஒன்று குறைந்தாலும் திறக்காது. பத்தையும் பென்டிரைவில் எடுத்துப்போய், நோட்டில் டிக் போட்டபடி ஒவ்வொன்றாக அதனதன் இடத்தில் வைப்பேன். முக்கால் மணி நேரம் ஆகும். அதற்குள் மோர் வரும், பேச்சு வரும். பட்டறை நடத்தும் முத்தாயம்மாள், "வா சாமி, நீ கை வெச்சாத்தான் இது ஓடுது" என்பார்.

சித்திரையில் கயல்விழி வேலைக்குச் சேர்ந்தாள். வயது இருபத்து மூன்று. இரண்டாம் மாதமே அந்த ஃபைல்களையெல்லாம் சாப்ட்வேரோடு சேர்த்து ஒரே பொட்டலமாகக் கட்டிவிட்டாள். வாட்ஸ்அப்பில் லிங்க் போகும், பட்டறைக்காரர்கள் தாங்களே அமுக்கிக்கொள்ளலாம். உள்ளூரில் பதினோரு பட்டறைகளில் போட்டுப் பார்த்தார்கள். பதினொன்றிலும் ஓடியது.

முத்தாயம்மாள் போன் செய்தார், எனக்கல்ல. கயல் ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஒரே அமுக்கு, வந்துருச்சு சாமி. அந்தத் தம்பி வந்தா பாதிப் பொழுது போயிரும்."

சாமி அவளாகி, நான் அந்தத் தம்பி ஆகியிருந்தேன். முதலாளி வேறு சிரித்தார். 

செவ்வாய்க்கிழமை அவள் சாப்பிடப் போனபோது பொட்டலத்தைத் திறந்து எண்ணினேன். ஒன்பதுதான் இருந்தது. மறுபடி எண்ணினேன். ஒன்பதுதான்.

அந்தப் பத்தாவதை எங்கள் சாப்ட்வேர் நேராகக் கூப்பிடாது. படம் திறக்கும் லைப்ரரிதான் தன் பங்குக்கு அதைக் கூப்பிடும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. அதைக் கண்டுபிடிக்கப் பள்ளிபாளையத்துப் பட்டறை ஒன்றில் இரண்டு நாள் உட்கார்ந்திருக்கிறேன். பதினோரு பட்டறையில் ஓடியதென்றால், நான் முன்பே கையால் வைத்த ஃபைல் அந்தக் கம்ப்யூட்டர்களில் கிடந்ததால்தான். புதுக் கம்ப்யூட்டரில் ஓடாது. வெள்ளிக்கிழமை ராசிபுரத்தில் சின்னுசாமி என்பவருக்குப் போடவேண்டும். அவருடையது புத்தம் புதுக் கம்ப்யூட்டர். புது வாடிக்கையாளர் என்பதால் கயலே நேரில் போவதாக இருந்தது.

அவள் சாப்பிட்டுவிட்டு வந்தாள். நான் சொல்லவில்லை. அந்த ஒரு ஃபைலை மட்டும் வேறொரு பென்டிரைவில் எடுத்துக்கொண்டேன். தூரம் என்பதால் கூடப் போகிறேன் என்று முதலாளியிடம் நானே கேட்டேன்.

வெள்ளிக்கிழமை பதினொன்று பத்துக்கு அவள் பொட்டலத்தை அமுக்கினாள். ஏறியது. டிசைனைத் திறந்தாள். படம் திறக்கும் லைப்ரரியை ஏற்ற முடியவில்லை என்று ஒரு கட்டம் வந்து நின்றது. அந்த லைப்ரரியோ அங்கேயே இருந்தது. அழித்துவிட்டு மறுபடி ஏற்றினாள். அதே கட்டம்.

"ஏனுங்க, பொட்டலம் பொட்டலம்னு போன்ல சொன்னீங்க. உள்ள ஒண்ணையுங் காணமே," என்றார் சின்னுசாமி.

"அஞ்சு நிமிசமுங்க."

"மத்தியானத்துக்குள்ள டிசைனு தறிக்குப் போகோணுமுங்க. ஆளுக சும்மா உக்காந்திருக்காங்க."

அவள் காது சிவந்துவிட்டது. நான் நாற்காலியில் உட்கார்ந்தே இருந்தேன். அவளாகக் கேட்கட்டும் என்று இருபது நிமிடம் இருந்தேன்.

"தனபாலண்ணா, கொஞ்சம் பாக்கறீங்களா?"

பென்டிரைவைச் செருகி ஃபைலை வைத்தேன். அரை நிமிடம். மயில் பார்டர் திரையில் விரிந்தது.

"அனுபவம் அனுபவந்தானுங்க," என்று சின்னுசாமி எனக்கு மட்டும் காபி சொல்லி அனுப்பினார்.

கயல் திரையில் பென்டிரைவின் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் அந்த ஒரு ஃபைல்தான் இருந்தது. பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"மத்த ஒம்பதும் எங்கீங்கண்ணா?"

நான் பென்டிரைவை உருவிச் சட்டைப்பையில் போட்டேன். சின்னுசாமியிடம் அவள் ஒன்றும் சொல்லவில்லை. திருச்செங்கோட்டில் பஸ் மாறும்போதுதான் மறுபடி பேசினாள்.

"எப்ப இருந்து தெரியுமுங்க?"

"செவ்வாக்கெழம."

"இன்னும் ஏதாச்சும் விட்டிருக்கறனுங்களா?"

"இல்ல."

"இதையும் நம்போணுமாக்கும்," என்று சொல்லிவிட்டு முன்சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

சனிக்கிழமை முதலாளியிடம், ஒரு ஃபைலைத் தான் விட்டுவிட்டதாகவும், காலிக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்க்காதது தன் தப்பு என்றும் சொன்னாள். என் பெயரை எடுக்கவில்லை. அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை. நல்ல பெயர் அதிலும் அவளுக்கே போய்விட்டதே என்றுதான் தோன்றியது.

"காலிக் கம்ப்யூட்டருக்கு எங்க போறது? தனபாலு மிசினத் தொடச்சுப் போட்டுப் பாரு. இனி அவனுக்கெதுக்கு அத்தன ஃபைலு," என்றார் முதலாளி.

கயல் என்னைப் பார்த்தாள். "அண்ணன் வேண்டாம்னா வேண்டாமுங்க."

ஏழு வருடத்தில் பட்டறை பட்டறையாகச் சேர்த்தது எல்லாம் அதில் இருந்தது. அவள் கை படவேண்டாம் என்று நானே அழித்தேன். ஒன்றரை மணி நேரம் ஆனது. பிறகு அவள் பத்தும் உள்ள பொட்டலத்தை அமுக்கினாள். டிசைன் உடனே திறந்தது.

"சரியா வருதுங்களாண்ணா?"

நிறங்களைப் பார்த்தேன். பெரிதாக்கினேன், சின்னதாக்கினேன், தறிக்கு அனுப்பும் கட்டத்தைத் திறந்து மூடினேன். பார்டரில் ஒவ்வொரு கட்டமாகக் குறை தேடினேன். அவள் பின்னால் நின்றுகொண்டே இருந்தாள்.

"வருது," என்றேன்.