இயர்போன் வயரே ஏரியல்

மணி பதினொன்றே முக்கால். இத்தனை நாளும் அணைத்தே வைத்திருந்தும் போனில் ஐந்து சதவீதம் சார்ஜ்தான் மிச்சம். ஐதா இயர்போனைக் காதில் திணித்துக்கொண்டு ரேடியோவில் ஸ்டேஷனைத் தேடித் தேடிப் பார்த்தாள். உஸ்ஸென்ற இரைச்சலைத் தவிர ஒரு மண்ணும் வரவில்லை.

புயல் போய் ஒன்பது நாளாகிறது. மலையில் கரண்ட் இல்லை, டவர் இல்லை, காரை ஆறு கொண்டுபோய்விட்டது. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் செய்தே ஆகவேண்டிய அவள் புருஷன் வில்ஃப்ரெடோவை ஹெலிகாப்டரில் ஏற்றிக்கொண்டு போனவர்கள், எந்த ஊருக்கு என்றுகூடச் சொல்லவில்லை. படுபாவிகள்! தீவில் பேசிக்கொண்டிருந்த ஒரே வானொலி தினமும் பன்னிரண்டு மணிக்கு ஒரு தடவை பட்டியல் படிக்கிறதாம். காலையில் வந்த தண்ணீர் லாரிக்காரன் சொன்னான். முதலில் ஆஸ்பத்திரிகளில் இருப்பவர்கள், வீட்டுக்குச் சொல்லியனுப்பிய சேதியோடு. அது முடிந்ததும் இறந்துபோனவர்கள், குடும்பத்தார் போய் உடலை வாங்கிக்கொள்ள வேண்டிய ஊரோடு.

அவள் போனிலேயே ரேடியோ உண்டு. மழையில் நனைந்து ஸ்பீக்கர் ஊமையாகிவிட்டது, இயர்போன்தான் கதி. அதைச் சொருகவோ போனில் துளை கிடையாது. இயர்போனைச் சார்ஜர் துளையில் இணைக்க, நடைபாதைக் கடையில் வாங்கிய மலிவான கன்வர்ட்டர் ஒன்று வைத்திருந்தாள். ஓர்லாண்டோவிலிருந்து மகன் யாதியேல் உயர்ந்த கன்வர்ட்டர் அனுப்பியதும், பாட்டு என்ன துல்லியம், என்ன துல்லியம் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டு, பழையதைப் பக்கத்து வீட்டு நெஃப்தாலியிடம் தள்ளிவிட்டாள். இப்போது அந்த உயர்ந்த சாமான்தான் உஸ்ஸென்கிறது.

மூட்டுவலியோடு சேற்றில் ஓடினாள். நெஃப்தாலி கூரைமேல் நீலத் தார்ப்பாயை ஆணியடித்துக்கொண்டிருந்தான்.

"யோவ் நெஃப்தாலி! இறங்குய்யா!"

"அடடே, மகாராணியா? என் சேவல் கூவித் தூக்கம் கெடுது, இனிமே உன் மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்னு போன மாசம் சொன்னே?"

"சேவலை அப்புறம் பாத்துக்கலாம். ரேடியோ வரலய்யா. இன்னைக்கும் பட்டியலை விட்டேன்னா எனக்குப் பைத்தியம் பிடிச்சிரும்."

அவன் கேலியை நிறுத்திவிட்டு இறங்கி வந்தான். இருபது வருஷம் வீடு வீடாக டிஷ் மாட்டியவன். போனைப் பார்த்ததுமே உச்சுக்கொட்டினான்.

"ஏம்மா, இந்தக் கன்வர்ட்டர் சில்லு வச்ச சாமான். பாட்டுக்கு ஜோர். ஆனா ரேடியோவுக்கு இயர்போன் வயரேதான் அலையைப் பிடிக்கிற ஏரியல். இது நடுவுல உக்காந்து வழியை அடைச்சிருது. அந்தப் பழசு வெறும் கம்பி, அது போதும்."

"அது உன்கிட்டதானே குடுத்தேன்?"

"குடுத்தியா? 'இந்தக் குப்பை உனக்குத்தான் லாயக்கு'ன்னு விட்டெறிஞ்சே."

"தப்புதான்யா. அதைத் தா."

அவன் போன் புயலன்றே தண்ணீரில் செத்திருந்தது. ஆணி டப்பாவைக் கவிழ்த்து கன்வர்ட்டரைத் தேடியெடுத்து, ஊதி, அவள் போனில் சொருகினான். கொரகொரவென்று ஒரு குரல் வந்து மறைந்தது. பள்ளத்தில் அலை நிற்கவில்லை. ஐதாவால் ஏணி ஏற முடியாது. அவனே ஏறினான். வயரைக் கையோடு நீட்டிப் பிடித்துக்கொண்டு, காதில் விழுந்ததைக் கீழே கத்தினான்.

"ஒர்தீஸ்! கை உடைஞ்சிருக்காம், பொண்டாட்டியை அழ வேணாங்கிறாரு!"

"அடுத்தது?"

"பெரேஸ் கிழவர். பல்செட்டை மறந்துட்டாராம், கொண்டு வரணுமாம்!"

ஐதா தன்னையறியாமல் சிரித்துவிட்டாள். பெயர்கள் வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொன்றுக்கும் அவள் சட்டைப் பட்டனைத் திருகித் திருகி, அது நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. வில்ஃப்ரெடோ கொயாசோ வரவில்லை. பிறகு நெஃப்தாலி கத்துவதை நிறுத்தினான். குரல் போய்விட்டதோ என்று பார்த்தால், அவன் வயரை அப்படியே பிடித்துக்கொண்டுதான் நின்றான்.

"என்னய்யா? சார்ஜ் போயிருச்சா?"

சுத்தியல் தகரத்தில் சறுக்கி வந்து சேற்றில் விழுந்தது. அவன் எடுக்கச் சொல்லவில்லை.

"நெஃப்தாலி!"

"வந்துருச்சு ஐதா! வந்துருச்சு! போன்செ ஊரு ஆஸ்பத்திரியில இருக்காரு. நல்லா இருக்காராம்!"

"சேதி? என்ன சேதி சொன்னாரு?"

"வந்து... 'கண்ணே ஐதா, உன்னையே நினைச்சுக்கிட்டிருக்கேன், சீக்கிரம் வா'ன்னு..."

முப்பத்தோரு வருஷக் குடித்தனத்தில் வில்ஃப்ரெடோ அவளைக் கண்ணே என்று ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்லை. ஹெலிகாப்டரில் ஏற்றும்போதுகூட, அடுப்பிலிருந்து காபியை இறக்கினாயா என்றுதான் கத்தினான்.

ஐதா ஏணியைப் பிடித்துக்கொண்டாள். அழுகை வரவில்லை. வந்தால் தேவலாம் என்றிருந்தது.

"இறங்கி வாய்யா," என்றாள். "வந்து, நிஜமா நான் எந்த ஊருக்குப் போகணும்னு சொல்லு."

அவன் இயர்போனைக் கையில் சுருட்டிக்கொண்டு மெல்ல இறங்கினான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"போன்செதான் ஐதா," என்றான். "அது மட்டும் பொய் இல்ல."