தளபதியின் தலையில் சோறு

1

இந்தக் கதைக்குக் காரணம் ஓர் எரிச்சல். ஆவடியில் பேருந்துக்கு நின்றபோது, எதிரே இருந்த சிலையின் தலையில் காகம் எச்சமிட்டது. பக்கத்தில் நின்றவர் சிலைக்காக வருத்தப்பட்டார். எனக்கு அதைக் கழுவப் போகிறவன் யாரென்றுதான் யோசனை ஓடியது.

அவனுக்கு வீராசாமி என்று பெயர் வைத்தேன். காலம் 1936. பூந்தமல்லியில் ஒரு சர்க்கார் தோட்டம். நடுவே செத்துப்போன வெள்ளைக்காரத் தளபதியின் வெண்கலச் சிலை. தேடிப் போகாதீர்கள். அதை அங்கே நிறுத்தியவன் நான்தான்.

முதல் வரி இப்படி இருந்தது: ‘காலைக் கதிர் தளபதியின் கன்னத்தைத் தழுவிய வேளையில்...’ (அடித்துவிட்டேன். அந்தக் கன்னத்தில் இருந்தது காக்கை எச்சம்.)

2

வீராசாமி தோட்டக்காரன். செடிக்குத் தண்ணீர் விட வேண்டும், சிலையைப் பச்சைத் தண்ணீரில் கழுவ வேண்டும். அதற்குச் சம்பளமும், தோட்டத்தின் பின்னால் ஓர் ஓட்டு அறையும் உண்டு. வருஷத்துக்கு ஒரு தடவை துரை வந்து பார்ப்பார். அந்த வருஷம் சனிக்கிழமை வருவதாக இருந்தது.

புதன்கிழமை வீராசாமிக்குக் காய்ச்சல். அவனுக்குப் பதிலாக அவன் மனைவி நாகம்மாள் ஏணியில் ஏறினாள். கறுத்துக் கிடந்த முகத்தைப் பார்த்தாள். கீழே இறங்கிப் போய்ப் புளி, செங்கல்தூள், தேங்காய் நார் எடுத்து வந்தாள். மத்தியானத்துக்குள் தளபதி தொப்பியிலிருந்து கழுத்து வரைக்கும் தங்கமாகிவிட்டார்.

(அவளை அசடாக எழுதத்தான் நினைத்தேன். எழுத வரவில்லை. வெண்கலத்தை வேறு எப்படித் துலக்குவதாம்?)

தோட்டத்து மேஸ்திரி சம்பத் வந்து பார்த்தார். தலைப்பாகையைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

“அடிப்பாவி! அது அழுக்கு இல்ல. சீமையில சூடு காட்டி ஏத்துன கறுப்பு. தொர பார்த்தாருன்னா வேலைய உட்டு என்னியும் தூக்குவாரு, உன் புருஷனையும் தூக்குவாரு.”

போர்த்திக்கொண்டு வந்து நின்ற வீராசாமி மனைவியைப் பார்த்தான். “இன்னாமே பண்ணி வச்சிருக்க?”

“தொலக்காத சொம்பு மாரி கீதுன்னு தொலக்கினேன். ஊட்ல தொலக்கலைன்னா மட்டும் கத்துவியே!”

3

(இங்கே விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்துப் பூசினார்கள் என்று ஒரு பத்தி எழுதினேன். மழை வந்தால்? பத்தியைக் கிழித்துவிட்டேன்.)

வழி கண்டுபிடித்தது வீராசாமிதான். காய்ச்சலில் படுத்திருந்தவன் காதில் வேப்பமரத்துக் காக்கைகளின் இரைச்சல் விழுந்துகொண்டே இருந்தது. பதினோரு வருஷமாக அவன் விரட்டிய காக்கைகள். எச்சம் இருந்தால் துரை திட்டுவார். திட்டு வாங்கி யாருக்கும் வீடு போனதில்லை.

வியாழக்கிழமை விடிந்ததும் நாகம்மாள் சோற்றோடு ஏணியில் ஏறினாள். தளபதியின் தொப்பியிலும் தோளிலும் பிடிப்பிடியாக வைத்தாள். அமாவாசைக்கு மாமனாரை அழைப்பது போலவே “கா... கா...” என்று கூப்பிட்டாள்.

“வெள்ளக்காரனுக்குப் படையல் போடறது ஊர்லயே நீதாம்மே,” என்றான் வீராசாமி.

“தின்னுட்டு அங்கயே கழியட்டும். நீ ஏணிய புடி.”

இரண்டு நாளும் மூன்று வேளைச் சோறு. வீட்டில் கஞ்சிதான். சோற்றைத் தின்ற காக்கைகள் அங்கேயே உட்கார்ந்து அலகு தீட்டின. மற்றதையும் செய்தன.

4

சனிக்கிழமை. துரையின் கார் வந்து நின்றது. வீராசாமி கையைக் கட்டிக்கொண்டு நின்றான். துரை அண்ணாந்து பார்த்தார். நெற்றி, மூக்கு, மீசை எல்லாம் வெள்ளை. இடது காது மட்டும் மின்னியது.

இங்கே இரண்டு முடிவுகள் கையில் இருந்தன. துரை அந்தக் காதைக் கவனிப்பது ஒன்று. அதை எழுத எனக்கு மனசில்லை.

ஒரு காகம் வந்து தோளில் உட்கார்ந்து காதை மறைத்தது. துரை கைக்குட்டையால் மூக்கைப் பொத்தி, மேஸ்திரியிடம் இங்கிலீஷில் இரைந்துவிட்டுக் காரில் ஏறினார்.

புழுதி அடங்கியது. பிறகு நாகம்மாள் அப்படியே புல்லில் உட்கார்ந்து சிரித்தாள்.

“இன்னா சொன்னாரு, மேஸ்திரி?” என்றான் வீராசாமி.

“காக்காயை ஒழிக்கச் சொன்னாரு. போய்ச் சோறாக்கித் துன்னுங்க. சிலைய மட்டும் தொட்டீங்க, நானே கைய ஒடைப்பேன்.”

5

அடுத்த வருஷமும் துரை வருவார். அதற்குள் அந்த முகம் தானாகவே கறுத்துவிடுமா? எனக்குத் தெரியாது. உங்கள் வீட்டுப் பரணில் ஒரு வருஷமாகத் துலக்காத வெண்கலச் சொம்பு ஏதாவது கிடக்கும். ஏறிப் பாருங்கள். வீராசாமிக்கு வீடு தங்குமா என்பதை அதைப் பார்த்துவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.